இருசம்மாள் அத்தை சமையலும் உன் மேல்படிப்பும்

அன்பு மகள் ஷாலினிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் தம்பி ஜீவாவும் சௌக்கியம், புனேயில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கக் கரியராமரைக் கும்பிட்டுக்கொள்கிறோம். போனில் பேசினால் பாதியில் அறுந்துபோகிறது, அதனால் எழுதுகிறேன், ஜீவா சிக்னல் கிடைக்கிற வெள்ளிமலைக்குப் போகும்போது இதைப் போட்டோ எடுத்து அனுப்புவான். மழை நல்லபடி பெய்து சாமை கதிர் வாங்கிவிட்டது. வேலையை விட்டுவிட்டுப் புள்ளியியல் எம்.எஸ்ஸி. படித்தால் பிரயோஜனம் உண்டா, ஆபீசில் அனுபவமே போதும் என்கிறார்களே என்று கேட்டிருந்தாய். படிப்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும், இங்கே நடந்ததைச் சொல்கிறேன். நீ பயப்படுவாய் என்று அம்மா அப்போது சொல்லவிடவில்லை.

திருவிழா முடிந்து ஒரு மாதம் போல இருக்கும், ஊரில் வரிசையாக மஞ்சள் காமாலை வந்தது, ஜீவாவும் படுத்துவிட்டான். திருவிழாச் சாப்பாடு சமைத்த இருசம்மாள் அத்தை மேல் ஊரே பழி போட்டது. அவள் வீட்டில் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை, அவள் மகளைப் பெண் கேட்டிருந்தவர்களும் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். அத்தை வெளியே தலைகாட்டுவதையே விட்டுவிட்டாள். அப்போதுதான் கள்ளக்குறிச்சியிலிருந்து செந்தமிழ்ச்செல்வி என்று ஒரு பெண் சுகாதார வேலையாக வந்தது, நீ கேட்கிற இதே படிப்பு படித்ததாம். நோய் வந்த வீட்டுக்கு மட்டும் போகும் என்று பார்த்தால் வராத வீட்டுக்கும் போய், திருவிழாவில் சாப்பிட்டீர்களா, எந்த டேங்க் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று விசாரித்தது. நல்லா இருக்கிறவங்களை எதற்கம்மா கேட்கிறாய் என்றேன். “நோவு வராதவங்களயும் கேட்டாதாங்க எதால வந்துச்சின்னு தெரியும்” என்றது. கடைசியில் பார்த்தால் அத்தை சமையலை நன்றாகச் சாப்பிட்ட மேட்டுத் தெருக்காரர்களுக்கு ஒன்றுமில்லை, திருவிழாவுக்கே வராத பள்ளத்துத் தெருக்காரர்கள் படுத்திருக்கிறார்கள். படுத்தவர்கள் எல்லோரும் பள்ளத்து டேங்க் தண்ணீர் குடித்தவர்கள், ஜீவாவும் அங்கேதான் சிநேகிதன் வீட்டில் கிடப்பான். தோண்டிப் பார்த்ததில் குழாய் உடைந்து சாக்கடை கலந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்த பிறகு நோய் மெல்ல நின்றது, ஜீவாவும் தேறிவிட்டான். ஊர்க்கூட்டத்தில் அந்தப் பெண் இதை எல்லோர் முன்னாலும் சொன்னபோது அத்தை அதன் கையைப் பிடித்துக்கொண்டு, “எம்மா, என் வூட்ட காப்பாத்திட்ட, உனக்கு நான் இன்னா செய்வேன்” என்று அழுதாள். மாப்பிள்ளை வீட்டார் மறுபடி கேட்டு வந்திருக்கிறார்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று அத்தை அனுப்பிவிட்டாள்.

உன் விஷயத்தையும் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். பட்டம் வாங்கினால் வேலை தானாக வந்துவிடாது, ஆபீசில் மேலே போவதற்கு மட்டும் என்றால் அனுபவமே போதும், எதைக் கேட்பது, யாரைக் கேட்பது என்று கற்றுக்கொள்ள ஆசையிருந்தால் படிக்கட்டும், சேருமுன் அங்கே படித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று விசாரிக்கட்டும் என்றது. அம்மாவும், “வூட்டுக்கு ஒழைச்சது போதும், இனிமே அவ ஆசப்பட்டத செய்யட்டும்” என்கிறாள். உன்னால்தான் இந்த வீட்டுக்குத் தளம் வந்தது, ஜீவா காலேஜ் போகிறான், அதை நினைக்காத நாளில்லை சாமி. படிப்பைப் பிடிக்காமல் விட்டால் விடு, எங்களுக்காக மட்டும் அதை விட்டுவிடாதே.

செந்தமிழ்ச்செல்வி நம்பரை ஜீவா அனுப்புவான், மறக்காமல் பேசு, அக்கா என்று கூப்பிடு. எந்த முடிவு எடுத்தாலும் முதலில் அம்மாவிடம் சொல், எனக்கு அவள் சொல்லிக்கொள்வாள். நீ நினைத்ததெல்லாம் நடந்து நீடூழி இருக்க வேண்டும்.

உன் அப்பா,
மா. வேடியப்பன்