ரிஃப்ளெக்டரில் வைத்த பொட்டு

மாப்ளே,

டிப்பர் லாரி கேபினுக்குள் நேற்றைய ஆயுத பூஜைச் சந்தன வாசனை இன்னும் போகவில்லை. மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு வந்த முதல் பூஜை. இன்று காலை ஏறி உட்கார்ந்ததுமே உன் ஞாபகம்.

அந்த விடியற்காலையும் இப்படித்தான், பூஜைக்கு மறுநாள். நீ ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலைக்குக் காலை ஷிப்டுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாய். நான் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தேன். வானம் மூடிக் கிடந்தது. எதிரே வந்த செந்துறை பஸ்ஸின் வெளிச்சத்தில் கண் கூசியது. வழக்கமாக உன் மட்கார்டில் இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டர் தூரத்திலேயே பளிச்சென்று தெரியும். அன்று தெரியவில்லை. ரோடு காலி என்றுதான் நினைத்தேன். பஸ் கடந்ததும் எதிரே ஒரு முதுகு. பிரேக்கை மிதித்தேன். கல் ஏற்றிய வண்டி சொன்னவுடன் நிற்குமா? உன்னைத் தொடப்போகும்போதுதான் நின்றது.

இறங்கி ஓடிவந்து கத்தினேன். "ரிஃப்ளெக்டர் எங்கடா போச்சு?"

அது இருந்த இடத்தில்தான் இருந்தது. அதன் மேல் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். "வண்டியிலயே அழகான எடம்னு எங்கூட்டுக்காரி வச்சிட்டா மச்சான்" என்றாய்.

ரிஃப்ளெக்டர் வைத்துத்தான் சைக்கிளை விற்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை எழுதியவர்கள் ஆயுத பூஜைக்கு நம் பக்கம் வந்திருக்க மாட்டார்கள்.

அடுத்த வருடத்திலிருந்து பூஜையன்று சாயங்காலமே நீ ஆலையின் சைக்கிள் ஸ்டாண்டில் ஈரத்துணியோடு நின்று, எல்லோர் ரிஃப்ளெக்டரையும் துடைத்தாய். "சாமிக்கு வச்ச பொட்ட அழிக்கிறியே, வெளங்குவியா?" என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

"அழிக்கலண்ணே, ஹேண்டில்பாருக்கு மாத்திட்டேன். சாமி எங்க வச்சாலும் பாக்கும். லாரிக்காரன் பாக்க மாட்டான்."

லாரிக்காரன் நான் பக்கத்திலேயே நின்று சிரித்தேன்.

எனக்கு அந்தச் சிவப்புத் துண்டு இன்றும் அதிசயம்தான் மாப்ளே. பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. நான் அனுப்பும் வெளிச்சத்தையே வாங்கி, இங்கே ஒரு மனிதன் போகிறான் என்று எனக்கே திருப்பிச் சொல்கிறது. இத்தனை டன் கல்லை ஒரு பிளாஸ்டிக் வில்லை நிறுத்துகிறது. சாமி கும்பிட இதைவிட என்ன வேண்டும்?

இன்று இருட்டில் கிளம்பும்போது எனக்குப் பயம். நீ இல்லை. யார் துடைத்திருப்பார்கள்? ஊர்ந்துதான் வந்தேன். வளைவு திரும்பினேன். ஒரு சிவப்பு, அதன் முன்னால் இன்னொன்று, அப்புறம் சாலை நெடுக, ஷிப்டுக்குப் போகிற அத்தனை சைக்கிளிலும்.

பக்கத்தில் வந்தவரிடம் கண்ணாடியை இறக்கிக் கேட்டேன். "பொட்டு எங்கண்ணே?"

"ஹேண்டில்பார்லதான். வருசா வருசம் ஒம் மாப்ள மாத்தி வச்சு வச்சு, இப்ப வூட்டுலயே அங்கதான் வைக்கிறாங்க."

அழுதுவிட்டேன், மறைப்பானேன். உன்னைப் பிடித்து வைக்கத்தான் எங்கள் யாராலும் முடியவில்லை. இவர்களை முந்த எனக்கு மனமே வரவில்லை. கடைசி ஆள் ஆலை கேட்டுக்குள் நுழையும்வரை பின்னாலேயே மெதுவாக வந்தேன். எனக்குப் பின்னால் பஸ்காரன் விடாமல் ஹாரன் அடித்துத் திட்டினான். திட்டட்டும்.