எட்டாத அலமாரி

என்னங்க,

சமையலறைக்கு விலை குறைந்த அலமாரிகளையே போட்டாயிற்று. திட்டாதீர்கள்.

கடைக்காரர் என்னைக் கரையாய்க் கரைத்தார். "அக்கா, இது மரத்தூள் பலகை. தண்ணி பட்டா அஞ்சு வருஷத்துல உப்பிடும். பிளைவுட்ல போட்டா இருபது வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்" என்றார். கணக்குப்படி அவர் சொன்னதுதான் சரி. போனில் நீங்களும் அதையேதான் சொன்னீர்கள்: "நல்லதாவே போடு, நான் இன்னும் ரெண்டு வருஷம் இங்க இருந்து சம்பாதிச்சிட்டு வர்றேன்."

அந்த இரண்டு வருஷத்தைக் கடைக்காரர் விலையில் சேர்க்கவில்லை. நான் சேர்த்தேன்.

தண்ணீர் பட்டால்தானே உப்பும்? துடைக்க எனக்குக் கை இல்லையா?

நேற்று மேல் அலமாரியை மாட்டும்போது தச்சர் நிறுத்திவிட்டார். "இவ்ளோ உசரத்துல வச்சா உங்களுக்கு எட்டாதேம்மா?"

"எட்டுற ஆள் வர்றார், நீங்க மாட்டுங்க" என்றேன்.

தலையைச் சொறிந்துகொண்டே மாட்டினார். கிளம்பும்போது, அவர் கையாலேயே சர்க்கரை டப்பாவை அங்கே வைக்கச் சொன்னேன்.

நேற்றிலிருந்து சர்க்கரை இல்லாத டீதான் குடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கஞ்சப் பெண்டாட்டி