பிரிக்க முடியாத மூட்டு

மே 4
பதினொரு வருடம் முன்பு அந்த நாற்காலியின் கால் மூட்டில் வஜ்ஜிரப் பசைக்குப் பதிலாக எபாக்ஸி என்ற ரசாயனப் பசையை ஏன் வைத்தேன்? மறுநாள் அருங்காட்சியகத் திறப்பு, அவசரம் என்று சொல்லலாம். வஜ்ஜிரம் காய ஓர் இரவு போதும். ஓர் இரவு இருந்தது.

பழம்பொருள் சீரமைக்கும் எங்கள் தொழிலில் ஒரே விதி: நாம் ஒட்டியதைப் பின்னால் வருபவர் பிரிக்க முடிய வேண்டும். வஜ்ஜிரம் வெந்நீர் பட்டால் இளகும். எபாக்ஸி இளகாது. இன்று மூட்டு அப்படியே இருக்க, பக்கத்து மரம் பிளந்து நாற்காலி பட்டறைக்கு வந்திருக்கிறது. இருநூறு வருட மரம். பதிவேட்டில் என் கையெழுத்தில் ஒரே சொல்: வஜ்ஜிரம்.

மே 5
அருங்காட்சியக இயக்குநர் கேட்டார்: "யார் ஒட்டினது? தச்சர்தானே?"

நான் பேசவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். பட்டறைத் தச்சரின் ஒப்பந்தம் ஒன்பதாம் தேதி முடிகிறது. இனி நீட்டிக்க மாட்டாராம்.

மே 6
தச்சருக்கு இன்னும் கோபம் வரவில்லை, சிரிப்புதான். "நாந்தான் ஒட்டினேனாம் மேடம்! அந்த எபாக்ஸிக் கருமத்தைத் திறந்தாலே எனக்குத் தும்மல் நிக்காது. எந்தப் படுபாவி பாத்த வேலையோ. நீங்களே அவர்கிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

"பார்க்கலாம்" என்றேன். என்னத்தைப் பாக்கப் போறேன்? வாய்ல என்ன, பூட்டா?

மே 7
அக்காவிடம் மட்டும் சொன்னேன். "வேலில போற ஓணானை எடுத்து மடில விட்டுக்காதடி. உன்னை யாரு கேட்டா?"

ஓணான் பதினொரு வருடமாக மடியில்தான் இருக்கிறது.

மே 8
நாளை காலை சொல்லிவிடுவேன். எழுதிவைத்தால் செய்துவிடுவேன் என்ற நம்பிக்கை இல்லை. இருந்தாலும் —

மே 9
சொன்னேன். இயக்குநர் எழுந்து கதவைச் சாத்தினார். "நல்லா யோசிங்க மேடம். இந்த ஒரு வரி பொய்னா, நீங்க எழுதின பதிவேடே பொய்னு சொல்லுவாங்க. நானூறு சாமான். தச்சர் மேலயே போகட்டும், விடுங்க."

நேரே பட்டறைக்குப் போய்த் தச்சரிடம் சொன்னேன்.

அவர் உளியைக் கீழே வைத்தார். "எல்லாம் தெரிஞ்சுமா அன்னைக்கு 'பார்க்கலாம்'னீங்க?"

பிறகு ஒரு தாளை நீட்டினார். "எழுதிக் குடுங்க."

எழுதினேன். தேதி, பசை, கையெழுத்து. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாடியிலுள்ள இயக்குநர் அறைக்குப் போனார்.

மாலையில் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். பதிவேட்டு அறைச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். கிளம்பும்போது தச்சர் வாசலில் எதிரே வந்தார். வேறு பக்கம் பார்த்தபடி ஒதுங்கி வழி விட்டார்.