ரோசியின் தட்டை வெறுமையாகத்தான் அனுப்பினேன்

என் செல்லத் தங்கச்சி லூர்து,

நீ போய் ஒரு வருஷம் ஓடிவிட்டது. தம்போயில் எல்லாரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. உன் மகன் பீட்டர் நலமாகத்தான் இருக்கிறான். விடியுமுன்னே சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்புகிறான், எல்லைப் பாலத்து நெரிசலில் நிற்கிறான், திரும்பி வந்து தூங்குகிறான். நீ கடைசியாக வாங்கிய ஏர் ஃபிரையரில்தான் தினமும் கோழித்துண்டு சூடாக்கித் தின்கிறான்.

அந்தப் பெட்டியைப் பிரிக்காதே என்று சொல்லிப் பார்த்தேன். "வாங்கியாச்சு மாமா, சும்மா வெச்சி என்னா செய்றது? வாரண்டி முடிஞ்சிரும் லா," என்றான். அம்மா உயிரை விட்டு வாங்கிய பொருளுக்கு மகன் வாரண்டி பார்க்கிறான். நன்றாக வளர்த்தாய்.

உன்னையும்தான் கேட்கிறேன். எதற்குப் போனாய்? வீட்டில் அடுப்பு இல்லையா, வாணலி இல்லையா? பக்கத்து வீட்டு ரோசி வந்து, "கிறிஸ்மஸ் சேல்ஸ்க்கா, பாதி வெல, இன்னைக்கு விட்டா கெடைக்காது," என்றாள். சேலை மாற்றிக்கொண்டு அவள் காரில் ஏறிவிட்டாய். இப்போது போகாதே என்று நான் தடுத்தேன். "நீ ஒன் பேப்பரப் படிண்ணே," என்று சிரித்தாய். மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டுப் பழைய பேப்பர் பொறுக்கிப் படித்துத் தமிழ் கற்றவன் என்று என்னைக் கேலி செய்வது உனக்குப் பொழுதுபோக்கு. அதுதான் கடைசிக் கேலி என்று எனக்கு எப்படித் தெரியும்?

அடக்கம் முடிந்த மறுவாரம் அந்தப் பேரங்காடிக்கு நான் தனியாகப் போனேன். உனக்கு இதைச் சொல்லவில்லையே. பணம் கட்டும் இடத்துக்குப் பக்கத்தில், பெரிய கிறிஸ்துமஸ் மரத்துக்குக் கீழே, நீ விழுந்த இடத்தைப் பார்த்தேன். கூரையிலிருந்து சோப்பு நுரையைப் பனி என்று கொட்டினார்கள். ஜொகூர் வெயிலில் வியர்த்துக்கொண்டு வந்தவர்கள் அந்த நுரையைக் கையில் பிடித்துப் படம் எடுத்தார்கள்.

அங்கே காவலுக்கு நின்ற நேப்பாளி ஜாகாதான் தன் சட்டையைச் சுருட்டி உன் தலைக்குக் கீழே வைத்தவன். என்னைப் பெரியவர் என்ற மரியாதையில் 'பாக்சிக்' என்று கூப்பிட்டு அவன் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "எல்லாரும் தள்ளுவண்டிய ஒடிச்சு ஓரமா போனாங்க பாக்சிக். ஒரு அம்மா மட்டும் நின்னாங்க. ஒதவி செய்யத்தான் நிக்கிறாங்கன்னு நெனச்சேன். 'இவங்களக் கொஞ்சம் நகத்துங்க, என் வண்டி போகல'ன்னாங்க." அப்போதும் நுரை கொட்டியதாம். உன் முகத்தில் விழுந்ததை அவன்தான் துடைத்தானாம்.

நாம் முன்பு இருந்த பெக்கோக் தோட்டத்தில் எல்லாரும் தங்கம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அங்கே குடிகாரன் உண்டு, கோள்மூட்டி உண்டு, அடுத்தவன் கோழியைத் திருடித் தின்றவன் உண்டு. ஆனால் செம்பனைக் குலைக்கு நடுவில் ஒருவன் விழுந்தால், வேடிக்கை பார்க்கவாவது நின்றார்கள். இங்கே வேடிக்கை பார்க்கவும் நேரமில்லை. பாதி விலை முடிந்துவிடுமே.

சரி, ரோசிக்கு வருகிறேன். நீ விழுந்தபோது உன் கூட வந்த ரோசி எங்கே இருந்தாள்? வரிசையில். ஒரு கை அவள் வண்டியில், மறு கை உன் வண்டியில். நீ தரையில் கிடக்கிறாய், அவள் முன்னால் நகர்கிறாள். முறை வந்து, பணம் கட்டி, பைகளை எல்லாம் வாங்கிக்கொண்டுதான் உன்னிடம் வந்தாள். சாவு வீட்டுக்கு அந்த ஏர் ஃபிரையரையும் மறக்காமல் கொண்டுவந்து இறக்கினாள்.

"அக்காதான் சொன்னாங்க. லேசா தல சுத்துது, நீ லைன விடாத ரோசின்னு அவங்கதான் சொன்னாங்க," என்று சாவு வீட்டில் ஒவ்வொருவரையும் பிடித்து அழுதாள். கேட்டவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னோடு இருந்தவன் நான்தானே. நான் சுவரைப் பார்த்தேன்.

அது போதுமானதாக இருந்தது. ரோசி பொய்க்காரி என்று தெரு முடிவு செய்தது. கோயில் பாடகர் குழுவில் அவள் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை. அவள் வந்தால் பேச்சு நிற்கிறது. அப்படி ஒதுக்கிய அதே பெண்கள்தான் இந்த வருஷமும் அதே பேரங்காடியிலிருந்து கை வலிக்கப் பைகளோடு வந்து இறங்கினார்கள். ஏழைகளுக்கென்று கோயில் வாசலில் வைத்த பெட்டியில் காலாவதியான பிஸ்கட்டைப் போட்டவர்களும் அவர்களே. இவர்களில் ஒருத்தியாவது அன்றைக்கு வரிசையை விட்டு ஓடி வந்திருப்பாளா? நீயே சொல்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் ரோசி வந்தாள். கையில் அவள் பேர் வெட்டிய எவர்சில்வர் தட்டு. அச்சு முறுக்கு, நெய்யுருண்டை. நம் வீடு இந்த வருஷம் பலகாரம் சுடவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"கேட்டத் தொறங்கண்ணே."

"கம்பி வழியா குடு."

கொடுத்தாள். போகவில்லை. "அண்ணே, ஒன்னே ஒன்னு. அக்கா ஒங்ககிட்ட ஒன்னுமே சொல்லலியா? லைன விடாதன்னு என்கிட்ட சொன்னத ஒங்ககிட்ட சொல்லலியா? மாதா மேல சத்தியமாண்ணே, அவங்கதான் சொன்னாங்க."

"ஒடனே நீயும் லைன்லயே நின்ன."

"வெறும் மயக்கம்னு நெனச்சேன்ணே. எனக்கு முன்னால ரெண்டு பேருதான் இருந்தாங்க. ஒங்க ஒரு வார்த்தைல என் பேரு திரும்பும்ணே."

"சொல்லல," என்றேன்.

உள்ளிருந்து பீட்டர் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். "என்னா மாமா, ஆன்ட்டி பாவம்," என்றான். பாவம் பார்க்கிற வாயில் உன் ஏர் ஃபிரையர் கோழி.

பலகாரத்தை வேறு பாத்திரத்தில் கொட்டினேன். தட்டைக் கழுவினேன், துடைத்தேன். பண்டிகைத் தட்டு வெறுமையாகத் திரும்பக் கூடாது என்பது நம் தெருவில் தீபாவளிக்கும் பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒன்றே. கொடுக்க ஒன்றும் இல்லாத வீடும், இழவு நடந்த வீடும்கூட ஒரு கைப்பிடி சீனி போட்டு அனுப்பும். நீ எத்தனை தட்டுக்குச் சீனி அள்ளியிருப்பாய்! நான் வெறும் தட்டைக் கம்பி வழியாக நீட்டினேன்.

அவள் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு கரண்டி சீனிகூடவாண்ணே இல்ல?"

"நெறைய இருக்கு," என்றேன்.

லூர்து, நீ இப்போது என்ன சொல்வாய் என்று தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாய் கோணிக்கொண்டு நீ பேசிய ஒரே பேச்சு என் காதில்தான் விழுந்தது. "ரோசிய வையாதண்ணே. நாந்தான் லைன விடாதன்னு சொன்னேன்." இதை இத்தனை நாளும் என் வாய்க்குள்ளேயே பூட்டி வைத்திருந்தேன். இன்றைக்கு எழுதிவிட்டேன். இந்தக் கடிதம் அச்சாகிற பேப்பர் நம் தெருவில் முக்கால்வாசி வீட்டுக்கு வருகிறது.

ஆகவே இனி யாரும் ரோசியைப் பொய்க்காரி என்று சொல்ல வேண்டாம். அவள் பொய் சொல்லவில்லை. நீ சொன்னாய், அவள் கேட்டாள். நீ கூச்சத்தில் சொன்னாய். நெஞ்சு வலித்தாலும் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நினைக்கிற பிறவி நீ. அப்படி ஒருத்தி "நீ நில்லு, எனக்கு ஒன்றுமில்லை" என்றால், அதைக் கேட்டு நிற்பவளை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது? பொய்க்காரி என்பது அவளுக்குச் சின்னப் பேர். அதை எடுத்துவிட்டேன். மிச்சத்தை அவள் வைத்துக்கொள்ளட்டும்.

நீ வையாதே என்றாய், நான் வையவில்லை. ஆனால் ஒன்று சொல்லி வைக்கிறேன். நான் உயிரோடு இருக்கிறவரை, எந்தப் பண்டிகைக்கு ரோசி தட்டு கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வேன். கழுவித் துடைத்து, பளபளவென்று, வெறுமையாகவே திருப்பித் தருவேன்.

ஒருநாளும் உன் பேச்சைக் கேட்காத
உன் கூடப்பிறந்த அண்ணன்,
சவரிமுத்து
தம்போய்