கலாஃபோவின் பக்கத்தில் என் கால்

1997 பிப்ரவரி 3, திங்கள்

காலையிலிருந்து வீடு முழுக்க ஒரு நாற்றம். ஃபிரிட்ஜில் மீன் கெட்டுவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்து மோந்து பார்த்தேன். மீன் நன்றாகத்தான் இருந்தது. நாறியது நான். வலது காலின் கட்டைப் பிரித்தால், பெருவிரலில் இருந்த கறுப்பு, பாதத்தின் பாதிவரை ஏறியிருக்கிறது. லிபியாவிலிருந்து இஸ்ரேலுக்கு வந்து, முப்பது வருடம் நெதன்யாவின் கடற்கரை ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் ஊர் பேர் தெரியாதவர்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்தவள் நான். எந்தக் கறைக்கும் முகம் சுளித்ததில்லை. இப்போது என் காலைப் பார்த்து எனக்கே குமட்டுகிறது.

சாயங்காலம் தங்கை ரூபினா வந்தாள். மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை, அந்த மட்டில் நல்லவள். ஜன்னலை மட்டும் திறந்துவிட்டு, "கடவுள் பாத்துப்பாரு அக்கா" என்றாள். இத்தனை வருடமாக என் சர்க்கரையை அவர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்.

பிப்ரவரி 5, புதன்

ஆஸ்பத்திரி. டாக்டர் என் மகன் அவ்னெரைவிடச் சின்னவன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் மிச்சம் தப்பிக்கும் என்றான். எடுத்ததை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவன் நர்ஸைப் பார்த்தான். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அடக்கச் சங்கத்துக்காரங்க வந்து வாங்கிட்டுப் போவாங்கம்மா. முறைப்படி புதைச்சுடுவாங்க" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். கூடவந்த ரூபினாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"செத்தவங்க எல்லாரும் எழுந்திரிக்கிற நாள்ல முழு உடம்பா எழுந்திரிக்க வேணாமா? கால் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்னு கிடந்தா என்ன பண்ணுவே?"

"சர்க்கரையோட எழுந்திரிப்பேனா, இல்லாமலா?"

"முதல்ல இருக்கிற குறையோடவேதான் கடவுள் எழுப்புவாரு. அப்பத்தானே ஆள் அடையாளம் தெரியும்? அதுக்கப்புறம் எல்லாத்தையும் சொஸ்தமாக்கிடுவாரு."

"என் பொய்ப்பல்லு?"

பல்லை விட்டுவிட்டு அப்பாவுக்குத் தாவினாள். அப்பா திரிபோலியில் செத்தவர் இல்லையா, அவர் அந்த நாளில் பூமிக்கு அடியிலேயே உருண்டு உருண்டு இந்த நாட்டுக்கு வந்துசேர்ந்துதான் எழுவாராம். அதைச் சொல்லும்போது அவள் கண்ணில் தண்ணீர். வாழ்நாள் முழுக்கச் சட்டைக் கஃப்பில் ஒரு புள்ளி அழுக்குப் படவிடாத மனுஷன், கண்ட சாக்கடைக்கு அடியிலெல்லாம் உருண்டு வர வேண்டுமாம்! செத்தால் செத்ததுதான். அப்புறம் மண். இதைச் சொன்னால் என்னை மிருகம் மாதிரிப் பார்க்கிறாள்.

பிப்ரவரி 6, வியாழன்

வெறும் வயிறு. வாயெல்லாம் பித்தம். கூப்பிட வந்துவிட்டார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

போர்வை முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடக்கிறது. சூப் என்று கொடுத்ததில் கோழியின் தோல் மிதந்தது, தள்ளிவிட்டேன். இல்லாத பெருவிரல் வலிக்கிறது. யாரோ அதன்மேல் ஏறி நிற்கிற மாதிரி.

ரூபினா சந்தோஷமாக வந்தாள். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சது அக்கா. வெள்ளிக்கிழமை மத்தியானமே, சபாத் ஓய்வுநாள் தொடங்கறதுக்கு முன்னாடியே புதைச்சாச்சு. அவ்னெர்தான் கையெழுத்துப் போட்டான். ஹமூஸ் தன் கையால வெள்ளைத் துணியில சுத்திக் கொண்டுபோனாரு."

ஹமூஸ் எங்கள் ஊர்க்காரர்களின் பிணங்களையெல்லாம் புதைக்கிறவர். சரி, போகட்டும், எனக்கென்ன என்று இருந்தேன்.

"எங்கே?" என்று சும்மா கேட்டேன்.

"எங்கேயா? உன் இடத்துலதான். அத்தான் பக்கத்துல உனக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கே, அங்கதான். நாளைக்கு நீயும் அங்கதானே வரப்போறே? காலு முன்னாடி போயிருக்கு, அவ்வளவுதான்."

வாந்தி எடுத்தேன். அவளுடைய நல்ல பாவாடைமேல்.

பிப்ரவரி 10, திங்கள்

எழுதிவிடுகிறேன். வாயால் யாரிடமும் சொன்னதில்லை.

என் புருஷன் கலாஃபோவை ஊரே தங்கம் என்றது. கை ஓங்கமாட்டான், குரல் உயர்த்தமாட்டான். வீட்டில் நாலு பேர் சாப்பிட உட்கார்ந்து, நான் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், மேசைக்கு அடியில் அவன் ஷூ என் வலது பாதத்தைத் தேடி வரும். குதிகாலைப் பெருவிரல்மேல் வைத்து மெதுவாக அழுத்துவான். மேலே சிரித்த முகம். யாருக்கோ ரொட்டி பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருப்பான். நான் நிறுத்தும்வரை அழுத்துவான். நகம் கறுத்து விழும், முளைக்கும், மறுபடி கறுக்கும். நான் பாதியில் நிறுத்தியதும் விருந்தாளிகளைப் பார்த்து, "நம்ம கஸாலா பேச்சு ஓட்டை பஸ் மாதிரி, பாதி வழியில நின்னுடும்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அவ்னெரின் சிரிப்புதான் உரக்கக் கேட்கும். அவன் பெரியவனாகி பஸ் ஓட்டப் போனபோது அந்த ஜோக்கையும் கூடவே எடுத்துக்கொண்டான்.

அந்த ஆள் செத்த அன்று மற்றவர்கள் அழுதார்கள். நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வீடு முழுக்க வெறுங்காலோடு நடந்தேன்.

இப்போது அதே பாதத்தைக் கொண்டுபோய் அவன் படுக்கையில் போட்டிருக்கிறார்கள். த்தூ.

பிப்ரவரி 11, செவ்வாய்

அவ்னெரிடம் காலைத் தோண்டி எடுக்கச் சொன்னேன். மருந்து மயக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்தான்.

"செத்தா மண்ணுதான்னு நீதானேம்மா சொல்லுவே? அப்ப அது எங்க கிடந்தா உனக்கென்ன?"

"அங்க வேணாம்."

"அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு. இப்ப அவரு உன்னை என்ன பண்ணிடப்போறாரு?"

சொல்ல வாயைத் திறந்தேன். பாதியில் நின்றுவிட்டது. அவன் லேசாகச் சிரித்துக்கொண்டான். அந்த ஜோக்தான் அவன் மனதில் ஓடியது என்று எனக்குத் தெரியும். எழுந்து போகச் சொன்னேன். என் பிள்ளையின் சிரிப்பே எனக்கு அருவருப்பாகிவிட்டதே, இதற்கு யாரைச் செருப்பால் அடிப்பது?

பிப்ரவரி 18, செவ்வாய்

அடக்கச் சங்கத்தின் குரு, ரப்பி ரக்காவுக்கு நானே ஃபோன் போட்டேன். ஹமூஸையும் கூட்டிக்கொண்டு வந்தார். ரப்பிக் கிழவருக்குத் தாடியெல்லாம் மூக்குப்பொடி.

"ஒரு தரம் புதைச்சதைத் தோண்டக் கூடாதும்மா. அது செத்தவங்களுக்கு வேதனை."

"நான் இன்னும் சாகலையே, ரப்பி."

ஹமூஸுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. ரப்பி அவரை ஒரு முறை முறைத்தார். பிறகு அவருக்கே அடக்க முடியவில்லை. "இத்தனை வருஷத்துல எத்தனையோ பேரைப் படுக்க வெச்சிருக்கேன். போட்ட இடம் பிடிக்கலைன்னு சண்டைக்கு வந்த மொத ஆள் நீங்கதான்."

தாய் தகப்பன் பக்கத்தில் படுக்க வேண்டும் என்றால் மாற்ற வழி உண்டு என்றார். கால் விஷயத்தில் இன்னும் சுலபமாம். பழைய கல்லறைத் தோட்டத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த யூகலிப்டஸ் மரம் பட்டுப்போய் வெட்டினார்களாம், ஒரு ஆள் படுக்க இடம் கிடைத்திருக்கிறது என்று ஹமூஸ் எடுத்துக் கொடுத்தார். என் வயிற்றில் பால் வார்த்தார்.

"ஆனா ஒண்ணு," என்றார் ரப்பி. "காலு எங்கயோ, அப்புறம் நீங்களும் அங்கதான். மனசு மாறக் கூடாது."

"மாறாது."

"எழுந்திரிக்கிறதுல நம்பிக்கை இல்லைங்கிறீங்க. அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?"

"எனக்கு இப்பவே அருவருப்பா இருக்கு ரப்பி. அதுக்கு நம்பிக்கை எதுக்கு?"

ரப்பி மூக்குப்பொடி டப்பாவை மூடினார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. "உங்க பையன்கிட்ட மட்டும் சொல்லிடுங்க. அவனுக்குத் தெரியாம நான் மண்வெட்டி எடுக்கமாட்டேன்" என்றார்.

பிப்ரவரி 20, வியாழன்

சொன்னேன். அவ்னெரிடம், முழுதாக. நடுவில் இரண்டு முறை நின்றது, தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னேன்.

"நானும் அந்த மேசையிலதானேம்மா இருந்தேன்" என்றான்.

"இருந்தே."

"நீ ஏன் காலை இழுத்துக்கலை?"

இதுதான் கேள்வியா? இதுதானா! முப்பத்தொன்பது வருஷம் ஒருத்தன் மிதிச்சான்னு சொல்றேன், நீ ஏன் காலை இழுத்துக்கலைன்னு என்னையே கேக்குறான். நான் ஏன் இழுத்துக்கலை? இழுத்தேனே, முதல் வருஷம் இழுத்தேன். நாற்காலியோட கிட்ட வருவான். அப்புறம் பழகிப்போச்சு. பழகிப்போச்சுங்கிறதுதான் எனக்கு எல்லாத்தையும்விட அசிங்கமா இருக்கு.

"செஞ்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். வாசலில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் 12, புதன்

ஹமூஸ் ஃபோன் செய்தார். "முடிஞ்சது கஸாலா அக்கா. உங்கம்மா பக்கத்துலயே, அவங்களுக்கு வலது கைப் பக்கமா."

"பாக்க எப்படி இருந்தது?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது."

கேட்டிருக்கவே கூடாதுதான். யோசித்து யோசித்துப் பகல் முழுக்க ஒன்றும் இறங்கவில்லை. ஆனால் சாயங்காலம் ரூபினா கொண்டுவந்த காரமான மீன்குழம்பை இரண்டு தட்டு சாப்பிட்டேன். பெருவிரல் இன்னமும் வலிக்கிறது. இடம் மாற்றினால் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன். வெட்கம் கெட்டவள்.

மார்ச் 23, ஞாயிறு

பூரிம் பண்டிகை. ரூபினா ஒரு கூடை நிறைய இனிப்பு அனுப்பியிருக்கிறாள், சர்க்கரைக்கு ஒரு காலையே தின்னக் கொடுத்தவளுக்கு! அவ்னெர் வரவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

நேற்று ரூபினா வீட்டில் பெசாக் பண்டிகை விருந்து. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு நான் வெளியே போனது இதுதான் முதல் தடவை. சக்கர நாற்காலியை மேசைக்கு இழுத்துப்போட்டு, நான் கீழே விழுந்துவிடுவேன் என்று இரண்டு பக்கமும் தலையணை வைத்தார்கள். சின்னக் குழந்தையை உட்காரவைக்கிற மாதிரி. எரிச்சலாக வந்தது. ரூபினாவின் மருமகள் என் முழங்காலுக்குக் கீழே காலியாக இருந்த இடத்தையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு மென்றாள்.

அவ்னெர் வந்திருந்தான். என் எதிரில் உட்கார்ந்தான். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். வழக்கம்போலப் பாதியில் நிறுத்திவிட்டேன். கீழே மிதிக்க யாரும் இல்லை, மிதிபடக் காலும் இல்லை, ஆனாலும் வாய் தானாக நின்றது. அவ்னெர் கிளாஸைக் கீழே வைத்தான்.

"சொல்லும்மா. மிச்சத்தையும் சொல்லு."

எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள். நான் சொல்லவந்தது மீனில் உப்பு அதிகம் என்பதுதான். சொன்னேன். ரூபினாவின் முகம் தொங்கிப்போய்விட்டது. அவ்னெர் இன்னொரு துண்டு எடுத்துப் போட்டுக்கொண்டான்.

மே 8, வியாழன்

அவ்னெர் வேலை முடிந்து நேராக இங்கே வந்தான். காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, கப்பைக் கழுவுகிற சாக்கில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னான்.

"அப்பா பக்கத்துல உனக்கு வெச்சிருந்த இடம் காலியாத்தானே கிடக்குது. அதை எனக்கு எழுதித் தரச் சொல்லி ரப்பிகிட்ட கேட்டேன். சரின்னுட்டாரு."

"அவன் பக்கத்துலயா?"

"எனக்கும் பொண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. எங்கயாவது படுக்கணுமில்லே?"

"ஊர்ல வேற இடமே இல்லையா உனக்கு?"

"அவரு எனக்கு அப்பாம்மா." தண்ணீர்க் குழாயை மூடினான். "உனக்குப் பண்ணதை நான் மறக்கலை. ஆனா எனக்கு அவரு அப்படி இல்லையே. தனியாக் கிடக்கிறாரேன்னு இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

என் உடம்பெல்லாம் புழு ஊர்ந்தது. என் வயிற்றில் சுமந்ததைக் கொண்டுபோய் அங்கே போடப்போகிறானாம். வெளியே போ என்று கத்தினேன். கப்பைத் துடைத்து, கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போனான்.

மே 11, ஞாயிறு

எனக்குப் பதிலாக அவன். என்னை எடுத்துவிட்டு, அந்தக் குழியில் அவனை இட்டு நிரப்பியிருக்கிறேன். நான் கேட்டது இதையா?

மே 15, வியாழன்

செயற்கைக் கால் வந்துவிட்டது. பொம்மைத் தோல் நிறம், ரப்பர் வாடை. பார்க்கவே பிடிக்கவில்லை. கூடத்தில் நாலு எட்டு வைத்தேன். இடுப்பு விட்டுப்போகிறது.

ரூபினா துணைக்கு இருந்தாள். அம்மா இருக்கிற பழைய கல்லறைத் தோட்டத்துக்கும் கலாஃபோ கிடக்கிற புதுத் தோட்டத்துக்கும் எவ்வளவு தூரம் இருக்கும் என்று கேட்டேன். நெடுஞ்சாலையைத் தாண்டி, தொழிற்பேட்டையையும் தாண்டிப் போக வேண்டும் என்றாள்.

"அந்த நாள்ல பஸ் ஓடுமா?"

"எந்த நாள்ல?"

"நீ சொல்ற நாள்ல."

அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. நான் நம்ப ஆரம்பித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். மண்ணாங்கட்டி. எனக்கு ஒரு நம்பிக்கையும் வந்துவிடவில்லை. கேட்டுவைத்தேன், அவ்வளவுதான். பஸ்ஸெல்லாம் ஓடாது அக்கா, எல்லாரும் நடந்துதான் போகணும் என்றாள்.

அவள் போன பிறகு அவ்னெருக்கு ஃபோன் செய்தேன். பஸ் ஓட்டப் போகாத நாளில் என்னை அம்மாவின் கல்லறைக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். ஹமூஸ் காலைச் சரியாகப் புதைத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

"இப்ப எதுக்கும்மா அது?"

"உன்னை அந்தாளு பக்கத்துலேர்ந்து கூட்டிட்டு வர நான் அவ்வளவு தூரம் நடக்கணும்டா" என்றேன். "ரெண்டு காலும் வேணும்."

செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றான்.