அழாத பிள்ளைக்கு ஒரு ஸ்டார்

என் ஆசை அக்காவுக்கு,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பதறுவாய். உன் மகள் சுபாவின் கை தப்பிவிட்டது. இனிமேல் இந்தக் கடிதத்தில் இருப்பதெல்லாம் கோபம்தான். யார் மேல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால் உன்னிடம் கொட்டுகிறேன். சின்ன வயதிலிருந்து உன்னிடம்தானே கொட்டியிருக்கிறேன்?

நீ போனதும் ஒரகடத்தில் பசங்களோடு இருந்த ரூமைக் காலி செய்துவிட்டேன். இப்போது பென்னலூரில் உங்கள் லைன் வீட்டிலேயே அத்தானோடும் சுபாவோடும் இருக்கிறேன். அவருக்கு நைட் ஷிஃப்ட் வந்தால் நான் டே ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். சூப்பர்வைசர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்கிறான். வைத்துக்கொள்ளட்டும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு சாயங்காலம் சுபா மாடிப்படியிலிருந்து குதித்தாள். காம்பவுண்டில் எல்லாப் பிள்ளைகளும்தான் குதிக்கின்றன. இவள் கையை ஊன்றி விழுந்தாள். முழங்கை எலும்பு உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, கம்பி வைத்து, கட்டுப் போட்டார்கள். ஆபரேஷன் செய்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். என் கோபம் அதற்குப் பிறகு நடந்ததன் மேல்.

குழந்தைகளின் வலியை அளக்க அங்கே ஓர் அட்டை வைத்திருக்கிறார்கள், அக்கா. அதில் வரிசையாக முகங்கள். முதல் முகம் சிரிக்கிறது, போகப்போகச் சுருங்குகிறது, கடைசி முகத்தில் கண்ணீர் வழிகிறது. பிள்ளை எதைத் தொடுகிறதோ அதுதான் அதன் வலி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அட்டையை நீட்டிய அதே சிஸ்டரின் பாக்கெட்டில் பளபளவென்று ஸ்டார் ஸ்டிக்கரும் இருந்தது. அழாத பிள்ளைக்குக் கட்டில் தலைமாட்டில் ஒன்று ஒட்டுவார்களாம்.

இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்? ஒரு கையால் "எவ்வளவு வலிக்கிறது, சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு கையால் "சொல்லாவிட்டால் பரிசு" என்று காட்டினால் எந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லும்?

சுபா சிரிக்கிற முகத்தைத் தொட்டாள். சிஸ்டர் கன்னத்தைக் கிள்ளினார். "இன்னா சமத்துடி நீ! பக்கத்து பெட்டு பையனப் பாரு, ஊரையே கூட்டிக்கினு கீறான்." ஸ்டாரும் ஒட்டியாயிற்று. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் அட்டைக் கணக்கைக் கேட்டுவிட்டு, வலி இல்லை, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. சுபா இட்லியைத் தொடவில்லை. செல்லில் கார்ட்டூன் போட்டுக் கொடுத்தால் பார்க்கவில்லை. போர்வை நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே இருந்தாள். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்கள் வீங்கியிருந்தன. போய்ச் சொன்னேன். "கொழந்தையே வலி இல்லன்றா, உங்களுக்கு இன்னா சார் வலி?" என்றார் சிஸ்டர். மறுபடியும் போனேன். "இவங்க அம்மா எங்க? அவங்கள வரச் சொல்லுங்க" என்றார்.

அதன் பிறகு கத்தினேன், அக்கா. வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். நம்ம தெற்கத்தி ஊர்ப் பேச்சு அவர்களுக்குப் பாதி புரிந்திருக்காது, சத்தம் மட்டும் புரிந்தது. செக்யூரிட்டியைக் கூப்பிடப் போனார்கள். அதற்குள் ஒரு டூட்டி டாக்டரம்மா ஓடி வந்தார்.

அவர் அட்டையைக் கேட்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, சுபாவின் நடுவிரலைப் பிடித்து மெதுவாக நிமிர்த்தினார். சுபா அழவில்லை. முகம் வெளிறிப்போய், படுக்கையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். டாக்டரம்மா அடுத்த நொடி கத்தரிக்கோல் கேட்டு, மேலிருந்து கீழ் வரை கட்டை வெட்டிப் பிரித்தார். உள்ளே கை இறுகிப்போய் வீங்கியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து விரலில் நிறம் திரும்பிய பிறகுதான் என் பக்கம் பார்த்தார். "வீக்கத்துல கட்டு இறுகிடுச்சு. இப்படி ஆனா முதல்ல காட்டிக்கொடுக்கிறதே வலிதாங்க. இன்னும் லேட் ஆகியிருந்தா கையே வேலை செய்யாமப் போயிருக்கும்."

ஈரத் துணியை மாற்றும்போது சுபா என் காதில் கேட்டாள்: "மாமா, இப்ப ஸ்டார எடுத்துருவாங்களா?"

அந்த ஸ்டிக்கரை நானே பிய்த்துப் போட்டேன். சிஸ்டர் என்ன சொன்னார் தெரியுமா? "அவ சொல்லலியே சார், நாங்க இன்னா பண்றது?" ஏழு வயசுப் பிள்ளை மேல் பழி! அத்தனை கட்டிலுக்கும் ஒற்றை ஆளாக ஓடுகிறவர் அவர், அதை நானும் கண்ணால் பார்த்தேன். அதற்காக, அழவில்லை என்றால் வலிக்கவில்லை என்று யார் இவர்களுக்குச் சொன்னது?

மத்தியானம் கொஞ்சம் தெளிந்ததும் கேட்டேன். "ஏட்டி, அவ்வளவு வலியிருக்கும்போது ஏன் சொல்லல?" அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நான் அழுதா அம்மாவும் மேல அழுவாங்களாம். எல்லாரும் சொன்னாங்க."

உன்னைக் கிடத்தியிருந்த அன்றைக்கு ஊரிலிருந்து வந்தவர்கள், காம்பவுண்டுக்காரர்கள் எல்லாரும் அவள் தலையைத் தடவித் தடவிச் சொன்னது இது. கேட்க எவ்வளவு அன்பாக இருக்கிறது! அன்றிலிருந்து அவள் அழவே இல்லை. "அம்மா இல்லாத புள்ள, எவ்ளோ பொறுப்பு பாரு" என்று அதற்கும் பாராட்டு. உன் பெயரைச் சொல்லியே உன் பிள்ளையின் வாயைத் தைத்துவிட்டார்கள். ஸ்டார் ஒட்டியவர் கடைசியாக வந்தவர், அவ்வளவுதான்.

அத்தானுக்கோ பெருமை. "அவ அவங்கம்மா மாதிரி மாப்ள, எதையும் தாங்குவா" என்கிறார். வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. தாங்கி என்னத்தைக் கண்டாய் நீ? காய்ச்சலோடு ஓடி ஓடிக் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்தாய். போனில் கேட்டால் "ஒண்ணுமில்லடே" என்றாய். அந்த ஒண்ணுமில்லைதானே உன்னைக் கொண்டுபோயிற்று? உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு, அக்கா. இதுவரை சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

கம்பி எடுத்த பிறகு செக்கப்புக்குப் போனோம். ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை முழங்கையில் வைத்து, எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு நீள்கிறது என்று பார்த்து, "சூப்பர், நல்லா வந்திருக்கு" என்றார்கள். எதற்கு நல்லா வந்திருக்கிறது? சோற்றை அள்ளினால் வாய் வரைக்கும் கை எட்டவில்லை. நீ போனதிலிருந்து தலையைத் தானே பின்னிக்கொள்வாள், ஒருநாளும் என்னை விட்டதில்லை. இப்போது வந்து, "பின்னல் எனக்குப் புடிக்கல மாமா, கிராப் வெட்டி விட்ரு" என்கிறாள். முடியவில்லை என்று சொல்ல மாட்டாள், பிடிக்கவில்லை என்பாள். அதை எந்த அளவுகோலில் பார்ப்பார்கள்?

அங்கே இருந்த பிசியோதெரபி பெண்ணிடம் இதைச் சொன்னேன். பின்னல் போடுவது போலவே கையைத் தூக்கிப் பழக்கச் சொல்லிக் கொடுத்தாள். "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும் பாப்பா. நீ சொன்னாத்தான் எதுவரைக்கும் தூக்கலாம்னு மாமாவுக்குத் தெரியும்" என்றாள். அவளைக் கும்பிடத் தோன்றியது.

போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்காரவைத்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கையை மெல்லத் தூக்கினேன். உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் நிறுத்தினேன். "சுபா, உங்கம்மா எங்கூடப் பொறந்தவ. அவளப் பத்தி எனக்குத் தெரியும். நீ அழுததுக்கெல்லாம் அவளுக்கு ஒண்ணும் ஆகாது. வலிச்சா கத்து" என்றேன். மறுபடி தூக்கினேன். கத்தினாள் பார், அப்படி ஒரு கத்தல். லைனே வெளியே வந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா கையில் வல்லக்கோட்டைக் கோயில் திருநீற்றோடு ஓடி வந்தார். "அழாதடி கண்ணு, அம்மா மேல பாத்துக்கினு கீறா..."

"நீங்க வீட்டுக்குப் போங்கம்மா" என்றேன். அப்படி நான் அவரிடம் பேசியதே கிடையாது.

கையை விட்டுவிட்டேன். அப்போதும் சுபா நிறுத்தவில்லை. "கை வலிக்கல மாமா, இப்ப கை வலிக்கல" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். "எனக்கு அம்மா வேணும்" என்றாள். நீ போனதிலிருந்து அவள் அதைச் சொன்னது அன்றுதான். அத்தான் உள்ளேயிருந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்து, அவளோடு சேர்ந்து அழுதார்.

இனி உன் பெயரைச் சொல்லி யாரும் அவள் வாயை மூட விடமாட்டேன், அக்கா. ஆஸ்பத்திரியானாலும் சரி, சொந்தக்காரர்களானாலும் சரி. அவர்கள் சொன்னது போல நீ மேலேயிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தால், உனக்கு அழுகை வந்தால், நீயும் அழுதுகொள். அவள் அழட்டும்.

உன் கூடப்பிறந்தவன்,
சுபாவின் தாய்மாமன்