எஸ்தர் அக்கா கட்டிய சிறை

என் எஸ்தர் அக்கா,

நீ இன்னும் ஜெயிலில்தான் இருக்கிறாய். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, நேராகவே சொல்லிவிட்டேன். நீ என்றால் நீயில்லை, நம் விளையாட்டில் நீ ஆடிய மாயக்காரி நீலவேணி. உன்னைப் புதைத்துவிட்டு வந்தோம், அவளை அப்படியே மறந்துவிட்டோம்.

போன ஞாயிறு மதியம் ஸ்கூடாயில் இருக்கும் என் வீட்டுக்கு உன் வீட்டுக்காரர், ஜோசப் அத்தான் வந்தார். உன் பகடைப் பையை வாங்கிப் போகத்தான் வந்தார். நம்மோடு ஆடும் சாந்தியும் பிரேமும் இருந்தார்கள். ஆட வரவில்லை, நீ போன பிறகு சும்மா கூடி, மைலோ குடித்துவிட்டுக் கலைகிறோம். உன் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. அத்தானுக்கு அது தெரியாது, அதில்தான் உட்கார்ந்தார்.

"அவ வெளாண்ட கதையில, இப்ப அவ எங்க இருக்கா?" என்று கேட்டார்.

பிரேமுக்கு வாய் சும்மா இருக்காதே. "அக்கா ஜெயில்ல இருக்காங்கண்ணே. பொழுது விடிஞ்சா தூக்கு."

"யாரு போட்டா?"

அலமாக், மாட்டிக்கொண்டேன்! எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கதை சொல்பவன் நான், நீங்கள் மூவரும் கதைக்குள் இருக்கும் ஆட்கள், ஒரு காரியம் நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் பகடை உருட்டித் தீர்ப்போம் என்று அவருக்கு விளக்கினேன். நம் மேசையின் வழக்கத்தையும் சொன்னேன். யார் பிடிபட்டாலும் அவருடைய சிறையை அவரேதான் கட்ட வேண்டும். மந்திரக்காரியை எப்படி அடைத்தால் தப்பமாட்டாள் என்று அவளுக்குத்தானே தெரியும்?

நீ எவ்வளவு குஷியாகக் கட்டினாய்! ஒரே சொல்லில் கதவை எரிப்பாள், அதனால் வாயைத் துணியால் கட்டு. விரலசைத்தால் சங்கிலி உருகும், இரண்டு கையையும் இரும்பு உறைக்குள் போடு. தூங்கி எழுந்தால் சக்தி திரும்பிவிடும், கண்ணை மூடவிடாமல் பக்கத்திலேயே ஒரு காவலாளியை நிறுத்து. "எப்படிடா என் ஜெயிலு? நானே தப்ப முடியாது லா!" என்று சிரித்தாய். அடுத்த வாரம் டெங்கு என்று உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

இதையெல்லாம் கேட்டு அத்தான் சிரிக்கவில்லை. "அவள வெளிய கொண்டு வாங்க," என்றார். "இன்னிக்கே."

ஆடினோம் அக்கா. பிரேமின் வாள்வீரன் சிறை வாசலிலேயே வெட்டுப்பட்டு விழுந்தான். சாந்தி கூரை வழியாக இறங்கப் பார்த்தாள், பகடை அவளையும் காலை வாரிவிட்டது. விடியப் போகிறது, தூக்குமேடையில் முரசு கேட்கிறது என்று நான் சொன்னதும் சாந்தி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"கதவு ஒடஞ்சிருச்சுன்னு சொல்லேன்! எல்லாம் ஒன் வாயிலதானே இருக்கு? ரெண்டாவது தடவயும் அவங்க சாவணுமா?"

"பொய் சொல்லமாட்டேன்!" என்று நானும் கத்தினேன். "அக்கா இருந்திருந்தா என்னச் செருப்பால அடிச்சிருப்பாங்க!"

கல்நெஞ்சக்காரன் என்றாள். இருந்துவிட்டுப் போகிறேன். நீ இல்லை என்பதற்காக உன் ஆட்டத்தில் பொய் சொல்லலாமா? செத்துப்போனவர்களிடம் மட்டும் நேர்மை வேண்டாமா?

அத்தான் எங்கள் சண்டையைக் காதிலேயே வாங்கவில்லை. "தம்பி, அந்தக் காவக்காரன் அவ பக்கத்துலதான் நிக்கிறானா?"

"ஆமா அத்தான். அவனுக்காகப் பேசுறது நான்தான்."

"அப்ப அவளுக்குக் கொஞ்சம் தண்ணி குடு."

எத்தனை சிறையை உடைத்திருக்கிறோம் நாம்! சுரங்கம் தோண்டினோம், சாவி திருடினோம், பாதிரியார் வேஷம்கூடப் போட்டோம். கைதிக்குத் தாகம் எடுக்கும் என்று நம்மில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. இந்தச் சிறையைக் கட்டிய உனக்கும் தோன்றவில்லை. தண்ணீர் கொடுப்பதென்றால் வாய்க்கட்டை அவிழ்க்க வேண்டுமே. காவலாளி இரங்குவானா மாட்டானா என்று பார்க்கப் பகடையைக் கையில் எடுத்தேன்.

"தண்ணி குடுக்குறதுக்கு எதுக்குப்பா பகட?" என்றார் அத்தான்.

கீழே வைத்துவிட்டேன். காவலாளி துணியை அவிழ்க்கிறான், குவளையை அவள் உதட்டில் வைக்கிறான் என்று சொன்னேன். சாந்தி பாய்ந்து வந்து அத்தானின் தோளை உலுக்கினாள். "அண்ணே, இப்ப! வாய் தொறந்திருக்கு! அவங்களுக்காக நீங்க எரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க, கதவு சாம்பலாயிரும்!"

அவர் கையை உயர்த்தினார். "இரும்மா. அவ குடிக்கட்டும்."

பிறகு எங்களைப் பார்க்காமலே சொன்னார். கடைசியில் உன் வாயில் குழாய் இருந்ததாம். அதைப் பிடுங்கிவிடுவாய் என்று கையையும் கட்டிலோடு கட்டியிருந்தார்களாம். "கண்ணாலயே தண்ணி கேட்டா. குடுக்கக்கூடாதுன்னுட்டாங்க. பஞ்ச நனச்சு ஒதட்டுல தடவுனேன். அவ்ளோதான் என்னால முடிஞ்சது."

நான் அழுதேன் அக்கா, மறைக்கவெல்லாம் இல்லை. பிரேம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அத்தான் மட்டும் அவசரமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"குடிச்சிட்டாளா?"

"குடிச்சிட்டாங்க அத்தான்."

"இப்ப என்ன பண்ணுவான் ஒன் காவக்காரன்?"

துணியைத் திரும்பக் கட்ட வேண்டும், நீ வைத்த விதி அது. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் மறுநாள் விடியுமுன் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போக வேண்டியவர், கெலாங் பாத்தாவில் இருக்கும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். பகடைப் பையை எடுத்துப் போகவில்லை.

வாரம் முழுக்க யோசித்துவிட்டேன். கதவு, கை உறை, முரசு, எதையும் நான் மாற்றப் போவதில்லை. நீ கட்டிய சிறை அப்படியே இருக்கும். ஆனால் காவலாளி என்னுடையவன், துணி அவன் கையில் இருக்கிறது. நாளைக்கு அத்தானிடம் சொல்லப்போவதை முதலில் உன்னிடம் சொல்கிறேன். அவன் அதைக் கட்டமாட்டான், சத்தியம். நீ இன்னும் தண்ணீர் கேள், வாய்விட்டுச் சிரி, கதவை எரி, வேண்டுமென்றால் என்னையும் சேர்த்து எரி. உன் வாயை இனி யாரும் கட்டமாட்டார்கள் அக்கா.

உன் தம்பி,
முகுந்தன்